அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு வைஃபை பெட்டி

அன்று நான் ஏன் "சரி மாமா" என்றேன்?

வைஃபை பெட்டியிலிருந்து வரும் அலை வேறு, அணு உலைக்குள் இருக்கும் கதிர்வீச்சு வேறு என்று பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தேர்வில் ஒரு பக்கத்துக்கு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தப் பெட்டியை வீட்டுக்கு நடுவில், உயரத்தில், முன்னால் எதுவும் மறைக்காமல் வைக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனாலும் என் மாமனார் அதைப் பின்பக்க ஸ்டோர் ரூமில் தரையில் வைத்து, ஸ்டீல் அரிசி டிரம்மை அதற்கு முன்னால் நகர்த்தி, போதாததற்கு ஒரு தகரத்தையும் சாய்த்து நிறுத்தியபோது, ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்ற நான் தலையை ஆட்டினேன்.

மாமனாரைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். எங்கள் வீடு கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒரு தெருவில் இருக்கிறது. மாமனார் இருபத்தெட்டு வருடம் அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வெல்டராக வேலை பார்த்தவர். சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு உள்ளே போவாராம். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது, அதாவது எவ்வளவு 'டோஸ்', என்று அந்தப் பேட்ஜைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். அங்கே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது மூன்றே வார்த்தை. தூரம், நேரம், மறைப்பு. சோர்ஸிலிருந்து, அதாவது கதிர்வீச்சு வரும் இடத்திலிருந்து, தள்ளி நில், கொஞ்ச நேரம் நில், நடுவில் ஏதாவது தடுப்பு இருக்கும்படி நில். அறுபத்து நான்கு வயதில் இன்றும் அவருக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. எல்லாம் அந்த மூன்று வார்த்தையால்தான் என்று நம்புகிறார். அவரைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடிந்ததில்லை.

வைஃபையும் ரேடியேஷன்தான் என்று யாரோ டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான். மூன்று வார்த்தையும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன.

"வயித்துல புள்ளய வெச்சுகினு கீற. நான் சொல்றத கேளுமா. பெட்டி பின்னாடியே கெடக்கட்டும்" என்றார்.

கேட்டேன். அதோடு நிற்கவில்லை. அன்று முதல் போனைக்கூட வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். தெரிந்த விஷயத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. தேர்வில் எழுதியபோது என் வயிற்றில் யாரும் இல்லையே.

மகள் பிறந்து தவழத் தொடங்கியதும் மாமனார் இன்னொரு காரியம் செய்தார். வாசல் கேட்டுக்கு அடித்து மீந்த மஞ்சள் பெயிண்டை எடுத்து, ஸ்டோர் ரூம் தரையில், அரிசி டிரம்மிலிருந்து மூன்றடி தள்ளி, ஸ்கேல் வைத்தது போல நேராக ஒரு கோடு போட்டார். குழந்தை கோட்டைத் தாண்டக்கூடாது. நாங்களும் அரிசி எடுக்கத் தவிரத் தாண்டக்கூடாது. வீட்டுக்கு வந்தவர்கள் என்ன கோலம் இது என்று கேட்டால், நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

என் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். பகல் ஷிப்ட்தான். பேறுகால விடுப்பு முடிந்ததும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அனுமதித்தார்கள். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். கணவர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறார். விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். நான் வேலை பார்க்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாமனார்தான். டயப்பர் மாற்றுவார், கேழ்வரகுக் கூழ் ஊட்டுவார், தோளில் போட்டுத் தூங்கவைப்பார். பால் ஒன்றுதான் அவரால் கொடுக்க முடியாதது. என் மகள் புட்டியை வாயில் வைத்தாலே துப்பிவிடுவாள்.

ஹாலில் உட்கார்ந்தால் வைஃபை ஒரு கோடு காட்டும். படுக்கையறையில் அதுவும் இல்லை. நோயாளிக் குறிப்பு ஒரு பக்கம் திறப்பதற்குள் குழந்தைக்கு முகம் கழுவிப் பவுடர் போட்டுவிடலாம். நடுவில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து உள்ளே நுழைய வேண்டும். மூன்றாவது வாரம் மேலாளரிடமிருந்து மெயில் வந்தது. மரியாதையான மெயில்தான். இரண்டு வாரத்துக்குள் இணைப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள், முடியாவிட்டால் தினமும் அலுவலகம் வந்துவிடுங்கள். அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிறது. இரண்டு பஸ், போக வர நான்கு மணி நேரம். பால் குடிக்கிற எட்டு மாதக் குழந்தையைப் பதின்மூன்று மணி நேரம் விட்டுவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும். அந்த மெயிலை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பெட்டியின் இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். இப்போது நினைத்தால் கோபமாக வருகிறது. இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறினேன். ஹாலில் அதே ஒரு கோடு. பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டேன். போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்த்தேன். வார நாட்களில் தட்டுத்தடுமாறி ஓடியது. சனிக்கிழமை மாமல்லபுரத்துக்குச் சென்னையிலிருந்து கார் காராக வந்து இறங்கினார்கள், அத்தனை பேரும் கடற்கரையில் நின்று படம் எடுத்து அனுப்பினார்கள், என் ஹாட்ஸ்பாட் படுத்துவிட்டது. எனக்குச் சனிக்கிழமையும் வேலை.

கடைசியில் கேபிள்காரரை வரச் சொன்னேன். ஐம்பது வயது இருக்கும். எங்கள் தெரு முழுக்க இணைப்பு கொடுத்தவர் அவர்தான். ஸ்டோர் ரூமுக்குள் போனவர் டிரம்மைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார், கீழே குனிந்து மஞ்சள் கோட்டையும் பார்த்தார்.

"இன்னாமா இது, பெட்டிய ஜெயில்ல போட்டு வெச்சிகிறீங்க?"

"லைன்ல ஏதாவது கோளாறான்னு பாருங்கண்ணா."

டிரம்முக்குப் பின்னால், பெட்டிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து வேகத்தைப் பார்த்தார். நான் பணம் கட்டிய வேகம் முழுதாக வந்தது. "லைன் சூப்பரா கீதும்மா. வூட்லதான் பிரச்சன. இரும்பு, தண்ணி, கண்ணாடி, இது மூணும் சிக்னலுக்கு எமன். நீங்க இரும்பு டிரம்ம எதுர்ல நிறுத்திட்டு, தகரத்தயும் முட்டு குடுத்துட்டு, ரெண்டு செவுரு தாண்டி ஹால்ல ஒக்காந்துகினு வரல வரலன்னா எப்பிடி வரும்? அப்பறம், ரெண்டு பேர்ல வைஃபை காட்டுதுல்ல, அஞ்சுன்னு போட்டது வேகமா ஓடும், ஆனா செவுத்தத் தாண்டாது. இன்னொன்னு தாண்டும், ஆனா மெதுவு. பெட்டி ஹாலுக்கு வந்தா அஞ்சுலயே போட்டுக்கலாம்."

வாசலில் குழந்தையோடு நின்றிருந்த மாமனார், "அது வராது" என்றார்.

"அப்ப நடுவுல ஒரு ரிப்பீட்டர் மாட்டிக்கோங்க. இங்கருந்து வாங்கி அங்க வுடும்."

"ஒரு சோர்ஸ் பத்தாதுன்னு இன்னொரு சோர்ஸா? நல்லா கீதுய்யா உன் நாயம்."

கேபிள்காரர் என்னைப் பார்த்தார். ஒயர் இழுத்து நேராக லேப்டாப்பில் செருகலாமா என்று நானே கேட்டேன். அதுதான் எல்லாவற்றிலும் நல்லது என்றார். மாமனாரும், "ஒயருன்னா ஓகே" என்றார். அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது. பிறகு அலுவலக லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒயர் செருகும் துளையே அதில் இல்லை. துளை உள்ள இன்னொரு சாதனத்தை வாங்கி மாட்டலாம் என்றால், வெளிச் சாதனம் எதையும் செருகக்கூடாது என்பது அலுவலக விதி. எழுதிக் கேட்டேன். முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அடுத்த நாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். ஒவ்வொரு இடத்திலும் நின்று வேகத்தைப் பார்த்து நோட்டில் எழுதினேன். டிரம்மை ஒரு முழம் நகர்த்தினால் எவ்வளவு, தகரத்தை எடுத்தால் எவ்வளவு, திரும்ப வைத்தால் எவ்வளவு. வாழ்நாள் முழுக்க அளவை நம்பியவர் மாமனார். அளந்து காட்டினால் ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"கரெக்டாதாம்மா எழுதிகிற. ஆனா நீ அளந்தது இன்டர்நெட்டு. நான் கேக்குறது டோசு. அத அளந்தியா?"

அதை எதை வைத்து அளப்பது? என்னிடம் இருப்பது போனும் நோட்டும்தான். தடுப்பூசி போடச் செங்கல்பட்டுக்குப் போனபோது குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். கூட்டம் அதிகம். ஊசியைத் தயார்செய்தபடியே, "அணு உலை விஷயம் வேறம்மா, இது வேற. வீட்டு வைஃபையால கொழந்தைக்கு ஒண்ணும் ஆகறதா யாரும் காட்டல. நீங்க மொதல்ல இவளுக்கு இரும்புச்சத்து சொட்டுமருந்த ஒழுங்கா குடுங்க" என்றார். திரும்பி வந்து மாமனாரிடம் சொன்னேன். "டாக்டரு பேட்ஜ் குத்திகினு வேல பாத்திருக்காரா?" என்று கேட்டார். நானும் பஸ்ஸில் வரும்போது, மருத்துவர் அவசரத்தில் சொன்னாரோ என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் ஒன்பது நாள் போய்விட்டது. வேறு வழி தெரியாமல், வேகம் வரும் இடத்துக்கே நான் போனேன். மாமனார் சந்தைக்கோ கடைக்கோ போகும்போது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி, அரிசி டிரம்மில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். பக்கங்கள் பட்பட்டென்று திறந்தன. புதன்கிழமை காலை அப்படி உட்கார்ந்திருந்தபோது குழந்தை பசியில் அழுதாள். எழுந்தால் மாமனார் வருவதற்குள் அந்தக் குறிப்பை முடிக்க முடியாது. அவளை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் எண் போட்டுக்கொண்டிருந்தேன். மாமனார் மீன் வாங்கப் போனவர் கடையில் கூட்டம் என்று உடனே திரும்பி வந்துவிட்டார்.

என்னைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிக்கொண்டார். திரும்பியபடியே, எதிரில் இருந்த பிரிட்ஜைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னாமா பண்ற நீ? கோட்டுக்கு உள்ள ஒக்காந்துகினு கொழந்தைக்குப் பால் குடுக்குற? சோர்சு பக்கத்துலயா?"

"இங்கதான் மாமா சிக்னல் கெடைக்குது."

"படிச்ச பொண்ணு நீ!"

அந்த ஒரு வார்த்தைதான். இத்தனை மாதமாக எனக்கு நானே சொல்லித் திட்டிக்கொண்ட வார்த்தை. அதை அவர் சொன்னதும் எனக்குள் இருந்த பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஆமா மாமா, படிச்சவதான். நீங்க ஒளிச்சு வெச்சதாலதான் நான் பெட்டி பக்கத்துல வந்து உக்காந்திருக்கேன். ஹால்ல சுவத்து மேல இருந்தா பத்தடி தள்ளி உக்காந்திருப்பேன், உங்க பேத்தியும் பத்தடி தள்ளி இருந்திருப்பா. தூரம் தூரம்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப எவ்ளோ தூரம் இருக்குன்னு அளந்து பாருங்க."

பிரிட்ஜ் பக்கமிருந்து வந்த குரல் இறங்கியிருந்தது. "இவ்ளோ பேஜாரு எதுக்கு? நீ ஆபீசுக்கே பூடு. கொழந்தய நான் பாத்துக்குறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் அதிகமாக வலித்தது. ஒரு பெட்டி இருக்கும் இடம் மாறக்கூடாது, அதற்குப் பதில் நான் வீட்டை விட்டுப் பதின்மூன்று மணி நேரம் போகலாம், என் குழந்தை பால் மறக்கலாம்.

"போகமாட்டேன் மாமா. பெட்டிதான் ஹாலுக்குப் போகும்."

கணவருக்குப் போன் செய்தேன். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. "இரு, ஞாயித்துக்கெழம நான் பேசறேன். அப்பா மனசு கஷ்டப்படாம" என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக அதையேதான் சொல்கிறார். "நீங்க பேச வேணாம். நான் கேக்கல, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். இப்படி நான் யாரிடமும் பேசியதில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கேபிள்காரர் டிரில்லோடு வந்தார். மாமனார் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வரச் சொன்னேன். அவர் இல்லாதபோது செய்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அது திருட்டு மாதிரி ஆகியிருக்கும்.

கேபிள்காரர் தயங்கினார். "பெரியவரே, நீங்க இன்னா சொல்றீங்க?"

"அந்தம்மா கையில கேளு. இந்த வூட்ல எனக்கு இன்னா பேச்சு கீது."

"கனெக்‌ஷன் என் பேர்ல இருக்கு அண்ணா. ஓட்ட போடுங்க" என்றேன்.

ஹால் ஜன்னலுக்கு மேலே சுவரில் டிரில்லை வைத்தார். சத்தத்தில் குழந்தை அலறினாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போகப்போன மாமனார் நிலைப்படியில் நின்று திரும்பினார். "வெளிப்பக்கமா சாச்சுப் போடுய்யா. நேரா போட்டா மழத்தண்ணி ஒயரப் புடிச்சுகினு உள்ள வந்துரும். இதுகூடத் தெரியல, கேபிள் வேல பாக்க வந்துட்ட." சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேபிள்காரர் டிரில்லைச் சாய்த்துப் பிடித்தார்.

பெட்டி இப்போது ஹால் சுவரில், என் தலைக்கு மேலே இருக்கிறது. மறைப்பு எதுவும் இல்லை. அன்று மத்தியானம் முதல் ஒரு தடவைகூட இணைப்பு அறுந்துபோகவில்லை. படுக்கையறையில்கூட நோயாளிக் குறிப்பு உடனே திறக்கிறது. இரண்டு வாரம் முடிந்த நாளில் மேலாளர் எழுதினார், வீட்டிலிருந்தே தொடரலாம் என்று. குழந்தை பசித்து அழுதால் எழுந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும். வேலை முடிந்ததும் பெட்டியை அணைத்துவிடுகிறேன். அது மாமனாருக்காகவா எனக்காகவா என்று கேட்காதீர்கள்.

ஆனால் ஒன்று நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. பெட்டி ஹாலுக்கு வந்த நாளிலிருந்து மாமனார் ஹாலுக்கு வருவதில்லை. காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைப் போட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறார். முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இந்த வெயிலில், உப்புக் காற்றில், சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடும் அங்கேதான். டிவி ஹாலில் இருப்பதால் செய்தி பார்ப்பதையும் விட்டுவிட்டார். குழந்தைக்குப் பசித்தால் நிலைப்படிக்கு வெளியே நின்று இரண்டு கையையும் நீட்டி அவளை என்னிடம் கொடுக்கிறார். கோபமாகப் பேசுவதில்லை. நேற்று மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். வெயிலில் அவர் முகம் கறுத்துவிட்டது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு வேலை பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்க்கிறேன்.

கணவர், கொஞ்ச நாளில் அப்பாவே உள்ளே வந்துவிடுவார் என்கிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இருபத்தெட்டு வருடம் மூன்று வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும், அல்லது நீங்களே அப்படி ஒருவராக இருக்கக்கூடும். டாக்டர் சொல்லியும், நோட்டில் எழுதிக் காட்டியும் நம்பாத ஒருவர், எதைக் கண்ணால் பார்த்தால் அல்லது காதால் கேட்டால் கொஞ்சம் தைரியமாக உள்ளே வந்து உட்காருவார்? வைஃபை அலையை நம்பகமாக அளந்து காட்டுகிற கருவி ஏதாவது உண்டா? அது சொல்லும் எண்ணை ஒரு பழைய வெல்டருக்கு யார் சொன்னால் புரியும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். பெட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டு போய் வைத்துவிடு என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதை நான் செய்யமாட்டேன்.